அரசு நிறுவனம் போட்டால் அரசுப் பத்திரமா?

(இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நம் பிரீமியத்தை எங்கே, எந்த விதிப்படி போடுகின்றன என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் முதலீட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: "நீங்கள் கட்டும் பிரீமியத்தில் பாதி அரசாங்கத்திடம் இருக்கிறது, சட்டமே அப்படித்தான்" என்கிறார் எங்கள் ஏஜென்ட். நம்பலாமா?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, தென்காசி

பதில்: கணக்கு சரி, சொன்ன விதம் தப்பு. நீங்கள் கட்டிய 20,000 ரூபாயை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை டெல்லிக்கு யாரும் அனுப்புவதில்லை. எல்லாப் பாலிசிதாரர்களின் பணமும் சேர்ந்த ஆயுள் நிதி என்று ஒன்று உண்டு. அந்த நிதிக்குத்தான் விதி. மத்திய அரசுப் பத்திரங்களில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். அந்த 25-ஐயும் சேர்த்து, மத்திய அரசு, மாநில அரசு, பிற அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்கள் எல்லாமாகக் குறைந்தது 50 சதவீதம். இதற்கு வேர் 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 27-ஆம் பிரிவில் இருக்கிறது. நடைமுறை விவரங்களை, காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ விதிகளாகப் போடுகிறது.

இவை குறைந்தபட்ச அளவுகள். கம்பெனி விரும்பினால் 70 சதவீதம்கூட அரசுப் பத்திரத்தில் வைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பென்ஷன், ஆன்யுட்டி நிதிக்கு இதே விதி 20, 40 என்று வரும். வண்டி, வீடு, மருத்துவம் பார்க்கும் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு 20, 30. அங்கே கிளெய்ம் எந்த நேரமும் வரும், பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும், அதனால் அளவு குறைவு.

கேள்வி: வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளே வந்துவிட்டன. நம் பிரீமியத்தை அவர்கள் நாட்டுக்கே கொண்டு போய்விட்டால்?
– கே.எம்., நாகர்கோவில்

பதில்: பாலிசிதாரர் பணத்தை இந்தியாவுக்கு வெளியே நேராகவோ சுற்றி வளைத்தோ முதலீடு செய்யக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: யூலிப் பாலிசி எடுத்தேன். என்ஏவி (யூனிட்டின் மதிப்பு) விழுந்துவிட்டது. கேட்டால் "மார்க்கெட் சார்" என்கிறார்கள். பாதிப் பணம் அரசுப் பத்திரத்தில் இருந்திருந்தால் இப்படி விழுமா? விதியை மீறியிருக்கிறார்கள், யாரிடம் புகார் செய்வது?
– வி.எஸ்., ஓசூர்

பதில்: யாரிடமும் செய்ய வேண்டாம். நான் மேலே சொன்ன 25, 50 விதி யூலிப்புக்குக் கிடையாது. யூலிப்பில் பணம் எந்த ஃபண்டில் போக வேண்டும் என்று டிக் அடித்தவர் நீங்கள். விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பாருங்கள், "ஈக்விட்டி குரோத்" என்பதற்கு நேராக 100 என்று எழுதியிருப்பீர்கள். பங்கு ஃபண்டைக் கேட்டு வாங்கிவிட்டு அரசுப் பத்திரம் எங்கே என்று தேடுவது நியாயமில்லை. அங்கே இருக்கும் விதி வேறு: ஒவ்வொரு ஃபண்டிலும் குறைந்தது முக்கால் பங்கு அங்கீகரிக்கப்பட்ட முதலீடுகளில் இருக்க வேண்டும். நல்ல கம்பெனிப் பங்கும் அதில் அடங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பத்திர ஃபண்டுக்கு மாறினால் என்ஏவி விழவே விழாது என்று நினைத்து அவசரப்பட வேண்டாம். யூலிப்பில் பத்திரங்களைத் தினசரிச் சந்தை விலைக்கே மதிப்பிடுவார்கள். வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும், அரசு போட்ட பத்திரமாக இருந்தாலும்தான்.

கேள்வி: அப்படியானால் வட்டி ஏறும்போது எங்கள் எண்டோமென்ட் பாலிசியின் போனஸும் குறையுமா?
– ஆர்.ஜே., காரைக்குடி

பதில்: அதனால் குறையாது. யூலிப் அல்லாத நிதியில் கடன் பத்திரத்தை முதிர்வு வரை வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டு, வாங்கிய விலையிலிருந்து முகமதிப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கணக்கெழுதுவார்கள். சந்தை தினமும் குதிப்பது அந்தப் புத்தகத்தில் தெரியாது. உங்களைப் பொறுத்தவரை வட்டி ஏறினால் நல்லது, புதிதாக வரும் பிரீமியத்தைக் கூடுதல் வட்டிக்குப் போடுவார்கள். பயப்பட வேண்டியது வட்டி நெடுங்காலம் இறங்கிக்கொண்டே போனால்தான்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு நான்கு பாலிசிகள் உள்ளன. கம்பெனியின் இணையதளத்தில் "பப்ளிக் டிஸ்குளோஷர்" என்ற பகுதியில் இருந்த அறிக்கையைப் பிரிண்ட் எடுத்தேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஆர்இசி, பவர் ஃபைனான்ஸ், நபார்டு எல்லாவற்றிலும் பணம் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். எல்லாமே அரசு நிறுவனங்கள். ஆனால் அறிக்கையில் இவை "கார்ப்பரேட்" என்ற தலைப்பில் போகின்றன. அரசு நிறுவனத்தைத் தனியார் கணக்கில் காட்டுவது ஏன்? எதையோ மறைக்கிறார்களா?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

பதில்: முதலில், அறிக்கையை எடுத்துப் படித்ததற்கு உங்களுக்கு ஒரு வணக்கம். பாலிசி எடுத்த ஆயிரம் பேரில் ஒருவர் அதைத் திறந்து பார்த்தால் அதிகம். அடுத்து, மறைக்கவில்லை. அவர்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். தப்பாக எண்ணிக்கொண்டிருப்பது நீங்கள்தான். நீங்கள் மட்டுமில்லை, ஏஜென்ட், அவருக்குப் பயிற்சி கொடுத்தவர், வங்கியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து "வெல்த்" பார்க்கும் தம்பி எல்லோருமே இதைத் தப்பாகத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசுப் பத்திரம் என்றால் கடன் வாங்கியது அரசு. திருப்பித் தரும் கடமையும் அரசுக்கே. மத்திய அரசு என்றால் இந்தியாவின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் வரும். ரிசர்வ் வங்கி ஏலம் விடும், வட்டி நாளன்று பணத்தைக் கணக்கில் போடும். தமிழ்நாடு அரசு வாங்கும் கடனும் அப்படித்தான், அதே ரிசர்வ் வங்கி, அதே ஏலம். இந்த இரண்டும் விதிப்படி அரசுப் பத்திரம்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 1988-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அமைப்பு. அது கடன் பத்திரம் போட்டால் கடனாளி அந்த ஆணையம். பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனி. ஆர்இசி இன்னும் சுவாரஸ்யம். 2019 மார்ச்சில் மத்திய அரசு தன் கையிலிருந்த ஆர்இசி பங்குகளைப் பவர் ஃபைனான்ஸுக்கே விற்றுவிட்டது. அதாவது, நீங்கள் அரசு நிறுவனம் என்று சொல்லும் ஆர்இசியில் பெரும்பான்மைப் பங்கு இப்போது இன்னொரு கம்பெனியிடம் இருக்கிறது. அந்தக் கம்பெனியில்தான் அரசுக்குப் பெரும்பங்கு. அப்பா பெரிய பண்ணையார் என்பதற்காக, மகன் எழுதிக் கொடுத்த புரோநோட்டில் அப்பாவின் கையெழுத்து இருப்பதாக ஆகிவிடுமா? வியாபாரி நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? மகன் யோக்கியன், அப்பா கைவிட மாட்டார் என்று நம்பிக் கடன் கொடுக்கலாம். நானும் கொடுப்பேன். ஆனால் பேரேட்டில் மகன் பெயரில்தான் எழுத வேண்டும்.

விதி கேட்பதும் இதையேதான்: அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? அசலுக்கும் வட்டிக்கும், இரண்டுக்கும் முழுமையாக, மத்திய அரசோ மாநில அரசோ உத்தரவாதம் கொடுத்திருந்தால் அது "பிற அங்கீகரிக்கப்பட்ட பத்திரம்". 50 சதவீதக் கணக்கில் சேரும். இந்திய உணவுக் கழகம் மத்திய அரசு உத்தரவாதத்தோடு கடன் பத்திரங்கள் வெளியிட்டதுண்டு, அவை இந்த வகை. நெடுஞ்சாலை ஆணையம் சாதாரணமாக வெளியிடும் பத்திரத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. உணவுக் கழகமும் அரசுடையது, நெடுஞ்சாலை ஆணையமும் அரசுடையது. ஒன்று இந்தக் கூடையில் விழுகிறது, மற்றது அந்தக் கூடையில். பெயர்ப்பலகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பத்திரத்தின் தகவல் குறிப்பில் உத்தரவாதம் பற்றிய பக்கத்தைப் புரட்ட வேண்டும். "நிபந்தனையற்ற, திரும்பப் பெற முடியாத" என்ற சொற்கள் அரசாணை எண்ணோடு இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். "அரசின் ஆதரவு கிடைக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்றிருந்தால் அது ரேட்டிங் கம்பெனியின் கருத்து. அதை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது.

அப்படியென்றால் நெடுஞ்சாலைப் பத்திரத்தை ஏன் வாங்குகிறார்கள்? ஆயுள் நிதியில் குறைந்தது 15 சதவீதம் வீட்டு வசதிக்கும் உள்கட்டமைப்புக்கும் போக வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. நெடுஞ்சாலையும் மின்சாரமும் அங்கே கணக்காகும். அங்கே ரேட்டிங் பார்ப்பார்கள், ஒரே நிறுவனத்தில் இவ்வளவுக்கு மேல் போடக்கூடாது என்ற உச்சவரம்பும் பார்ப்பார்கள். அரசுப் பத்திரத்துக்கு அந்த உச்சவரம்பு இல்லை. ரேட்டிங் 'ஏஏ'-வுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பத்திரம் "பிற முதலீடு" என்ற மூலைக்குத் தள்ளப்படும். அந்த மூலைக்கு மொத்தமே 15 சதவீதம்தான் இடம்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பீர்கள். ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம் ஞாபகம் இருக்கிறதா? அது அரசு நிறுவனமே இல்லை. ஆனால் அதன் பங்குதாரர் பட்டியலில் எல்ஐசி, ஸ்டேட் வங்கி, சென்ட்ரல் வங்கி என்று பெரிய தலைகள் இருந்தன, எல்ஐசிக்கு மட்டும் ஏறத்தாழ கால்பங்கு. "கிட்டத்தட்ட கவர்ன்மென்ட் மாதிரிதான்" என்று சொல்லாத ஆளில்லை. 2018 ஜூலையில்கூட அதன் ரேட்டிங் 'ஏஏஏ'. செப்டம்பர் முடிவதற்குள் 'டி', அதாவது கடனைக் கட்டத் தவறிய நிறுவனம். அக்டோபர் 1 அன்று மத்திய அரசு இயக்குநர் குழுவை நீக்கிவிட்டுப் புதுக் குழுவை உட்கார வைத்தது. அரசு வந்ததென்னவோ உண்மை, ஆனால் கடனைத் தானே கட்டித் தீர்ப்பதற்காக வரவில்லை. அந்தப் பத்திரத்தை வைத்திருந்த கம்பெனிகள் நஷ்டத்துக்கு ஒதுக்கீடு எழுதின. அவற்றில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் உண்டு. "கிட்டத்தட்ட" என்பதற்கு விதிப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

பத்திரத்தின் வகையை ஓரளவு சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஐஎஸ்ஐஎன் என்று 12 எழுத்து எண் உண்டு. மத்திய அரசுப் பத்திரம் 'ஐஎன்00' என்று தொடங்கும். மாநில அரசுப் பத்திரத்தில் அந்த 00 இருக்கும் இடத்தில் மாநில எண் வரும், தமிழ்நாட்டுக்கு 31. நெடுஞ்சாலை ஆணையம், ஆர்இசி, பவர் ஃபைனான்ஸ், நபார்டு எல்லாவற்றுக்கும் 'ஐஎன்ஈ'. அந்த 'ஈ' கண்ணில் பட்டால், அது அரசே நேரடியாக வாங்கிய கடன் இல்லை என்று முடிவு செய்துகொள்ளலாம். உத்தரவாதம் உண்டா இல்லையா என்பது மட்டும் மிச்சக் கேள்வி, அதற்குக் குறிப்பைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் பிரிண்ட் எடுத்தது எல்-29 படிவமாக இருக்கும். கடன் பத்திரங்களை ரேட்டிங் வாரியாக, மிச்ச ஆயுள் வாரியாக, வெளியிட்டவர் வாரியாகப் பிரித்துக் காட்டுவது அது. வெளியிட்டவர் என்ற பகுதியில் மூன்றே வரி: மத்திய அரசு, மாநில அரசு, கார்ப்பரேட். நான்காவதாக "அரசு மாதிரி" என்று ஒரு வரி இல்லாததுதான் அந்தப் படிவத்தின் அழகு. எல்-26-ஐயும் எடுத்துப் பாருங்கள். விதி சொல்லும் சதவீதம் ஒரு பத்தியிலும், கம்பெனி உண்மையில் வைத்திருப்பது இன்னொரு பத்தியிலும் இருக்கும். எல்-33-இல் வாராக்கடன் வரும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்கள் ஏஜென்ட்டை உட்கார வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் மாநகராட்சி கடன் பத்திரம் வெளியிடப் போவதாகப் பேச்சு. இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை வாங்கினால் அரசுப் பத்திரக் கணக்கில் சேருமா?
– முன்னாள் கவுன்சிலர், திருப்பூர்

பதில்: மாநகராட்சி அரசு அல்ல. மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும். மாநில அரசு முழு உத்தரவாதம் கொடுத்தால் சேரும், இல்லாவிட்டால் ரேட்டிங்கைப் பார்த்து வேறு கூடையில் போடுவார்கள்.

1938 சட்டத்தின் விளக்கப் பிரிவில் துறைமுகப் பொறுப்புக் கழகங்கள், மாகாணத் தலைநகரங்களின் மாநகராட்சிகள் ஆகியவற்றின் பத்திரங்களையும் அங்கீகரிக்கப்பட்டவையாகச் சேர்த்திருந்தார்கள். எழுதியவர் மனதில் இருந்தவை சென்னை, பம்பாய், கல்கத்தா. திருப்பூர் அன்று அந்தக் கணக்கிலேயே இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ஊர் நண்பர்கள் மேடையில் சொல்லும் ஒரு உதாரணத்தையும் திருத்திவிடுகிறேன். 2002-இல் தமிழ்நாட்டின் சிறு நகராட்சிகள் சில சேர்ந்து, குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காகக் கூட்டு நிதி ஒன்றின் வழியாகச் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டன. அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் அமைப்பு அதற்கு உத்தரவாதம் கொடுத்தது உண்மை. கொடுத்தது அசலில் பாதிக்கு. நல்ல முயற்சி, நாடு முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் நம் விதி கேட்பது அசலும் வட்டியும் முழுமையாக, அதுவும் நம் மத்திய அல்லது மாநில அரசிடமிருந்து. பாதி உத்தரவாதத்தைப் பாதிப் பத்திரமாகக் கணக்கில் எடுக்க வழியில்லை.

கேள்வி: இன்ஷூரன்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தி அரசுப் பத்திரம் வாங்க வைப்பது பாலிசிதாரர் நலனுக்காக என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அரசுக்கு மலிவாகக் கடன் கிடைக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறான் என் நண்பன். எது சரி?
– மாணவர், திருச்சி

பதில்: இரண்டும் சரி தம்பி. தேர்வில் முதலாவதை எழுது.

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் நல்லது. 1874-இல் பம்பாயில் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயரே "ஓரியண்டல் கவர்ன்மென்ட் செக்யூரிட்டி லைஃப் அஷ்யூரன்ஸ்". அந்தக் காலத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, கம்பெனி இருக்குமா ஓடுமா என்று ஜனங்கள் பயந்தார்கள். அரசுப் பத்திரம் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலேயே ஏற்றிவைத்தால் நம்பிக்கை வரும். யாரும் கட்டாயப்படுத்தாமல் வந்த பழக்கம் அது. கட்டாயம் பிறகு வந்தது.

கட்டாயம் இருந்தும் திருட்டு நிற்கவில்லை. பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பணத்தை அதன் முதலாளி ராமகிருஷ்ண டால்மியா தன் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பினார், பின்னால் சிறைக்கும் போனார். ஆயுள் காப்பீட்டை நாட்டுடைமை ஆக்கச் சொன்ன காரணங்களில் இப்படிப்பட்ட விவகாரங்கள் முக்கியமானவை. 1956-இல் 245 அமைப்புகளைச் சேர்த்து எல்ஐசி உருவாயிற்று. அரசு கையில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியவர்களுக்கு அடுத்த வருடமே அடி விழுந்தது. ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளில் எல்ஐசி ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாயைப் போட்டது, முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுப்பினார். நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரித்தார். நிதியமைச்சராக இருந்த நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். முதலீட்டு விதியும் முதலீட்டுக் குழுவும் தனியார் கம்பெனியைக் கட்டுப்படுத்த மட்டும்தான் என்று எவனாவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்.

உன் நண்பன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மத்திய அரசு வெளியிட்ட பத்திரங்களில் ஏறத்தாழ கால்பங்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம்தான் இருக்கிறது. நிரந்தரமாக ஒரு வாடிக்கையாளன் கிடைத்துவிட்டால் கடன் வாங்குகிறவனுக்குக் கொண்டாட்டம்தானே. ஆனால் இங்கே கட்டாயமும் தேவையும் ஒரே திசையில் போகின்றன. இன்று 25 வயதுப் பெண்ணுக்கு விற்ற பாலிசியின் பணம் 40 வருடம் கழித்துத் தேவைப்படும். அவ்வளவு நீண்ட காலத்துக்குக் கடன் வாங்க இந்த நாட்டில் அரசை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? 2015-இல் 40 வருடப் பத்திரமும் 2023-இல் 50 வருடப் பத்திரமும் வந்தபோது ஆவலோடு காத்திருந்தவர்கள் ஆயுள் காப்பீட்டுக்காரர்கள்தான். விதியை நாளைக்கே எடுத்துவிட்டாலும் நல்ல கம்பெனி பாதிக்கு மேல் அங்கேதான் வைத்திருக்கும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே ஏஜென்சி பத்திரம் என்று தனி வகையே உண்டு, அரசுப் பத்திரத்துக்குச் சமம் என்கிறான். நம் ஊரில்தான் இந்தக் கெடுபிடியா?
– எஸ்.பி., மயிலாப்பூர்

பதில்: உங்கள் மகனிடம் எந்த ஏஜென்சி என்று கேளுங்கள். 1968-இல் வந்த ஜின்னி மே அரசுத் துறைக்குள்ளேயே இருக்கும் அமைப்பு. அதன் உத்தரவாதத்துக்குப் பின்னால் அமெரிக்க அரசின் முழு வாக்குறுதி இருக்கிறது. 1938-இல் தொடங்கிய ஃபேன்னி மே, 1970-இல் வந்த ஃப்ரெடி மேக் இரண்டும் அரசு உருவாக்கியவை, ஆனால் பங்குகள் தனியாரிடம் போய்விட்டன. "அமெரிக்க அரசு இதற்கு உத்தரவாதம் தரவில்லை" என்று அவற்றின் பத்திர ஆவணங்களிலேயே அச்சடித்திருக்கும். சந்தையில் ஒருவரும் அதை நம்பவில்லை, அரசு கைவிடாது என்றே வாங்கினார்கள்.

2008 செப்டம்பர் 7 அன்று அரசு இரண்டையும் தன் பொறுப்பில் எடுத்தது. கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அதே நிறுவனங்களின் முன்னுரிமைப் பங்குகளைப் பத்திரத்துக்குச் சமம் என்று நினைத்து வாங்கியவர்களுக்கு டிவிடெண்ட் நின்றது, விலை மண்ணாகிப் போனது. ஒரே நிறுவனம், ஒரே அரசு, இரண்டு விதமான முடிவு.

அங்கே இன்ஷூரன்ஸைக் கண்காணிப்பது ஒவ்வொரு மாநிலமும்தான், விதி மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். ஆனால் மூலதனக் கணக்குப் போடும்போது முழு வாக்குறுதி உள்ள பத்திரம் வேறு, ஃபேன்னி, ஃப்ரெடி வேறு என்று அவர்களும் பிரித்துத்தான் வைக்கிறார்கள். பிள்ளை வேலைக்குப் புதிது போலிருக்கிறது. போகப் போகத் தெரிந்துகொள்வான்.

கேள்வி: எல்ஐசி, ஐடிபிஐ வங்கியில் 51 சதவீதம் வாங்கியதே, அதற்கு உச்சவரம்பு இல்லையா?
– சி.வி., சேலம்

பதில்: உண்டு. ஐஆர்டிஏஐ அதற்கென்றே தனி அனுமதி கொடுத்தது. விதிவிலக்கு கொடுத்தது சரியா என்பது வேறு கேள்வி. எனக்கு அதில் ஒப்புதல் இருந்ததில்லை.

கேள்வி: இவ்வளவு சுற்று எதற்கு? அரசுப் பத்திரத்தை நானே வாங்கிக்கொண்டால்?
– எம்.ஏ., புதுச்சேரி

பதில்: தாராளமாக. 2021 நவம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் வழியாகத் தனிநபரே கணக்குத் தொடங்கி வாங்கலாம், 10,000 ரூபாயிலிருந்து. ஆனால் நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குக் கிடைப்பது அந்த 10,000-மும் வட்டியும்தான். முதலில் ஒரு டேர்ம் பாலிசி எடுத்துவிட்டு அப்புறம் பத்திரம் வாங்குங்கள்.

கேள்வி: வங்கியில் வைப்புத்தொகை போடப் போனேன். தனியார் கம்பெனி பாலிசி ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். கொடுத்த துண்டுத்தாளில் "100% அரசுப் பாதுகாப்பு" என்று அச்சடித்திருக்கிறது, நகலை இணைத்துள்ளேன். எல்ஐசிக்கு இருப்பது போல் இதற்கும் அரசு உத்தரவாதம் உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. எல்ஐசி பாலிசியின் காப்புத் தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது, 1956 எல்ஐசி சட்டத்தின் 37-ஆம் பிரிவு. அது எல்ஐசிக்கு மட்டும். தனியார் கம்பெனி தன் நிதியில் பாதியை அரசுப் பத்திரத்தில் வைத்திருக்கலாம். அந்தப் பத்திரத்தின் பணம் கம்பெனிக்கு வந்து சேரும் என்பதற்குத்தான் அரசு பொறுப்பு. கம்பெனியிடமிருந்து உங்களுக்கு வந்து சேருவதற்கு அரசு பொறுப்பில்லை. அதற்குக் கம்பெனியின் மூலதனமும் ஐஆர்டிஏஐயின் கண்காணிப்பும்தான் காவல். அதுவும் லேசுப்பட்ட காவல் இல்லை, பயந்து சாக வேண்டாம். ஆனால் அந்தத் துண்டுத்தாள் பச்சைப் பொய்.

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைத்தாள், மருத்துவப் பரிசோதனை போன்ற சில்லறைச் செலவைக் கழித்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. இதழ் அச்சாகி வருவதற்குள் கெடு தாண்டிவிடக்கூடும் என்பதால் உங்களுக்குத் தனியே தபாலில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே: கெடு தாண்டியிருந்தாலும் அந்தத் துண்டுத்தாளைத் தொலைக்காதீர்கள். அதன் நகலோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால், அல்லது மழுப்பினால், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் பதியுங்கள். அதற்கும் மேலே சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். வங்கி மேலாளர் கூப்பிட்டு "எதற்கம்மா புகாரெல்லாம், பேசித் தீர்த்துக்கலாம்" என்பார். எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.